தம்பி வீட்டுப் பின்கதவு

பஞ்சக்காவுக்குக் கோபம் வந்தால் வேலை வேகமாக நடக்கும்.

அன்று காலை பட்டறையின் பின்பக்கத்தில் அவள் ஃபோம் கட்டுகளைத் தூக்கி எறிந்த வேகத்தைப் பார்த்து, அவள் கணவர் வேனை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இறங்கினால் தன் மேலும் ஒரு கட்டு வந்து விழும் என்ற பயம்.

"இறங்கி வர்றீங்களா, இல்ல வேன்லயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

"வந்துட்டேன்மா. ஹேண்ட் பிரேக் போட்டேன்."

"காலையிலேர்ந்து அந்த ஒரு பிரேக்கைத்தான் போட்டுக்கிட்டு இருக்கீங்க."

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று நம்மோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெருவே பஞ்சக்கா என்று கூப்பிடும் இந்தப் பெண்மணி, சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்துத் தைக்கிற பட்டறை நடத்துகிறாள். அவளுடைய ஒரே தம்பி தீயணைப்புத் துறையில் இன்ஸ்பெக்டர். கடைகளையும் பட்டறைகளையும் சோதித்துப் பார்த்து 'சரி' சொல்வது அவன் வேலைகளில் ஒன்று. சொந்த அக்காவின் பட்டறைக்கு அவன் 'சரி' சொல்லவில்லை.

பின்கதவை மறைத்து ஃபோம் கட்டுகள் கூரை வரைக்கும் ஏறியிருந்தன. பசை டின் மூடியில்லாமல் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி, சூடாக. "இதெல்லாம் ஒழுங்காகிற வரைக்கும் இங்க ஒரு மெஷினும் ஓடக் கூடாது" என்று, வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். கதவில் நோட்டீஸ் ஒட்டினான். யூனிஃபார்மில் வந்தவன் யூனிஃபார்மிலேயே போனான். அக்கா கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

நோட்டீஸைவிட அந்தத் தண்ணீர்தான் அவளுக்கு நெஞ்சில் தைத்தது.

"அத்தனை பொண்ணுங்க முன்னாடி என்னை நிக்க வெச்சுப் பேசினானே. என் காதோட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"காதோட சொன்னான்மா" என்றார் கணவர், ஒரு கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு. "நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் சொன்னான். நீதான் 'போடா தண்ணி வண்டி'ன்னு சிரிச்சே."

தண்ணி வண்டி என்பது தம்பிக்கு அவள் சின்ன வயதில் வைத்த பெயர். தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடுவான். பெரியவனாகி, தண்ணீர் பீய்ச்சுகிற வேலைக்கே போய்விட்டான். வாழ்க்கையில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவனுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. புதிதாகக் கேட்பவர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

புதிதாகத் திறக்கப்போகும் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்கான நாற்காலிகள் பட்டறையில் பாதியில் நின்றன. காலையில் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருந்தால் நோட்டீஸை எடுத்துவிடுவதாகத் தம்பி தன் மாமாவிடம், அதாவது அவள் கணவரிடம், சொல்லியிருந்தான். அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா பேசினால்தானே சொல்வதற்கு.

பின்கதவு கண்ணுக்குத் தெரிந்தது. பல மாதங்களாகத் திறக்காத தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு அசைத்தார்கள். திறந்தது. ஈரக் காற்று உள்ளே வந்தது. பஞ்சக்கா பசை டின்களை மூடி ஒரு இரும்பு அலமாரிக்குள் வைத்தாள். இஸ்திரி மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினாள். கூட்டினாள். பிறகு புடவைக்கு மேல் கட்டியிருந்த ஏப்ரனை உதறி, ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பி வந்ததும் சொல்வதற்கு அழகான நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தாள். அதில் மரியாதையும் இருக்கும், குத்தலும் இருக்கும்.

தம்பி வரவில்லை.

கணவர் போன் பண்ணினார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி பண்ணினார். எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பண்ணியபோது, போன் அணைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது.

"பாத்தீங்களா! ஆஃப் பண்ணிட்டான். வேணும்னே பண்றான். அக்கா காத்துக் கிடக்கட்டும்னு."

"ராத்திரி டியூட்டி முடிச்சுத் தூங்குவான்மா. அந்தப் பொண்ணும் இல்ல, பாப்பாவும் இல்ல. எழுப்ப ஆள் யாரு?"

தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

"எழுப்பத்தானே ஆள் இல்ல? நான் போய் எழுப்பறேன். வண்டியை எடுங்க."

வேனில் போகும்போது அந்த நாலு வார்த்தையை அவள் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இன்ஸ்பெக்டர் சாருக்கு வணக்கம்..." கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேண்டாத இடத்தில் ஹாரன் அடித்தார்.

*

தம்பியின் வீடு சந்தின் கடைசியில் இருந்தது. முன்னால் ஹால், பக்கவாட்டில் படுக்கையறை, பின்னால் அடுப்படி. விடிய விடியப் பெய்த மழையில் சந்து நனைந்து கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

"ஹால் ஜன்னல் கண்ணாடி ஏன் இப்படி அழுக்கா இருக்கு?" என்றாள் பஞ்சக்கா வேனிலிருந்து இறங்கியபடி. "ஒரு துணி எடுத்துத் துடைக்கக்கூட முடியாதா?"

கிட்டே போனாள். அழுக்கு வெளியே இல்லை, உள்ளே இருந்தது. பழுப்பாக, எண்ணெய் பூசினாற்போல. அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பட்டறையில் ஃபோம் வெட்டும் சூட்டுக் கம்பி கொஞ்சம் அதிகமாகச் சுட்டுவிட்டால் வருமே, அதே வாசனை. தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு அது தூக்கத்திலும் தெரியும்.

அவளிடம் இந்த வீட்டின் சாவி ஒன்று இருந்தது. கை அதை எடுத்தும்விட்டது. பூட்டில் நுழைப்பதற்கு முன்னால், ஏன் என்று யோசிக்காமலே புறங்கையைக் கதவில் வைத்தாள்.

சுட்டது.

போன வாரம் நோட்டீஸ் ஒட்டிய அன்று, பெண்களைச் சுற்றி நிற்கவைத்துத் தம்பி அதைச் சொல்லிக் காட்டினான். 'கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி புறங்கையால தொட்டுப் பாருங்க. சுட்டா திறக்காதீங்க. வேற வழி பாருங்க.' அவள் தனக்குக் காதில் விழாத மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். விழத்தான் விழுந்திருக்கிறது.

"சாவி இருக்கே, திற!" என்றார் கணவர்.

"வேணாம். திறந்தா காத்து உள்ள போகும். குப்புனு புடிச்சுக்கும். நீங்க மெயினை அணைங்க. ஃபயருக்குப் போன் போடுங்க. வாசல்ல யாரையும் திறக்க விடாதீங்க."

"நீ?"

அவள் அதற்குள் படுக்கையறை ஜன்னலுக்கு ஓடியிருந்தாள்.

ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தது. திரைச்சீலை கொஞ்சம் விலகியிருந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தம்பி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவின் அடியிலிருந்து ஒரு சாம்பல் நிற நாக்கு தரையில் நீண்டுகொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிக் கண்ணாடியில் அடித்தாள். "டேய்! எந்திரிடா! தண்ணி வண்டி! எந்திரிடா!"

அவன் அசைந்தான். தலையைத் தூக்கினான். கண் திறந்தும் திறக்காமலும் ஜன்னலைப் பார்த்தான்.

"அக்கா... பின்கதவுகிட்ட ஃபோமை எடுத்துட்டியா?"

"அட பாவி! உன் ஹால் எரியுதுடா!"

அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். தூக்கம் போன இடம் தெரியவில்லை. குதித்து இறங்கினான், கதவைப் பார்த்தான், புகையைப் பார்த்தான், ஜன்னல் கம்பியைப் பார்த்தான். அந்தக் கம்பியைத் திருடனுக்காக அவனேதான் போடச் சொன்னான். ஆள் வெளியே வருகிற மாதிரி ஒரு கதவு அதில் வைக்கச் சொல்லவில்லை.

"அக்கா, பின்னாடி வா! அடுப்படி வழியா வர்றேன்!"

படுக்கையறைக் கதவைத் திறந்தால் அடுப்படி. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவு இல்லை, ஒரு திரைதான். ஹாலின் புகை முழுக்க அங்கே வந்து நிற்கும். அவன் ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு முழங்காலில் இறங்குவது வரைக்கும்தான் அவள் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

பின்கதவில் கை வைத்தாள். சூடு இல்லை. தோளால் தள்ளினாள். கொஞ்சம் நகர்ந்து, எதன் மேலோ மோதி நின்றது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஏதோ முட்டுக் கொடுத்திருந்தது.

"என்னடா வெச்சிருக்கே இங்க?"

உள்ளிருந்து இருமல் வந்தது. இருமலுக்கு நடுவே வார்த்தைகள் வந்தன. "பாப்பா... தொட்டில்... அட்டைப் பெட்டி..."

இடுக்கு வழியாகப் பார்த்தாள். மகள் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று வாங்கி வாங்கிச் சேர்த்த சாமான்கள். பிரிக்காத தொட்டில் பெட்டி, தள்ளுவண்டிப் பெட்டி, அதன் மேல் இன்னும் என்னென்னவோ. எல்லாம் கதவின் மேல் சாய்த்து, கூரையைத் தொடுகிற மாதிரி.

அவளுடைய பட்டறைக்கு நோட்டீஸ் ஒட்டியவன் வீடு.

"கீழ படுடா! தரையோட படு! தலையைத் தூக்காதே!"

அவளும் ஈரத் தரையில் படுத்தாள். இடுக்குக்குள் கையை விட்டாள். தொட்டில் பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டை விரலில் சிக்கியது. பிடித்து இழுத்தாள். நகரவில்லை. பட்டை விரலை அறுத்தது.

"நீ அந்தப் பக்கம் தள்ளுடா!"

பதில் வரவில்லை.

"டேய்!"

இருமல் சத்தம்கூட வரவில்லை.

அவள் போட்ட அலறலில் கணவர் முன்வாசலிலிருந்து ஓடி வந்தார். வாழ்நாளில் யாரையும் தோளால் இடித்து அறியாத மனிதர். கதவை இடித்தார். மறுபடி இடித்தார். உள்ளே பெட்டிக்குள் ஏதோ மரம் முறிந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. கரும்புகை அவர்கள் தலைக்கு மேலே கொட்டியது. கீழே, தரையை ஒட்டி, ஒரு கை தெரிந்தது.

கையைப் பிடித்தால் வழுக்கியது. அடுத்து அவள் கையில் அகப்பட்டது தம்பியின் தலைமுடி. அதைப் பிடித்தே இழுத்தாள்.

"ஆ... அக்கா... முடி..."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பஞ்சக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதென்று சொல்ல உயிர் இருக்கிறது.

இரண்டு பேரும் இழுத்து அவனைச் சந்தில் கொண்டுவந்து போட்டார்கள். அவன் உருண்டு, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, முதலில் சொன்னது இதுதான்:

"கதவைச் சாத்துங்க மாமா. காத்து போகக் கூடாது."

*

பஞ்சக்காவின் கணவர் போன் பண்ணிய கதையைத் தீயணைப்பு நிலையத்தில் இன்னும் ரொம்ப நாள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"எங்க தீ?"

"உங்க இன்ஸ்பெக்டர் வீட்டுலங்க."

"சார், இது அவசர நம்பர். விளையாடாதீங்க."

"நான் அவருக்கு மாமாங்க. இப்ப விளையாட எனக்கு வயசும் இல்ல, நேரமும் இல்ல."

அதற்குமேல் எதிர்ப்பக்கத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. சந்தின் முனையில் மணிச் சத்தம் கேட்டபோது, தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். திடீரென்று சட்டைப் பையைத் தடவினான். கால்சட்டைப் பையைத் தடவினான். எழுந்து கதவை நோக்கி நடந்தான்.

அக்கா சட்டைக் காலரைப் பிடித்தாள். "எங்கடா?"

"போன். சோபா மேல சார்ஜ் போட்டிருந்தேன். பாப்பா முதல் தடவை சிரிச்சது அதுலதான் இருக்கு. டீச்சர் எடுத்து அனுப்பினா. நான் நேர்ல பாக்கலக்கா. ஒரு நிமிஷம்..."

"போகக் கூடாது."

"எனக்கு வழி தெரியும்க்கா. இது என் தொழில்."

"உன் தொழில்ல இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்களா? வெளிய வந்தவன் திரும்ப உள்ள போகலாம்னு?" சட்டை கிழிந்தாலும் விடுவதாக இல்லை அவள். "பாப்பா இன்னொரு தடவை சிரிப்பாடா. நீ உள்ள போனா உன்னை நான் எங்கடா தேடுவேன்?"

அவன் நின்றான். அக்காவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். முகத்திலிருந்த கரி முழுவதும் அவள் ஏப்ரனுக்கு வந்தது. நிலையத்து ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி ஓடினார்கள். அத்தனை பேரும் அவனிடம் பயிற்சி பெற்றவர்கள். ஒருவர்கூட அவனை நின்று பார்க்கவில்லை. அது மரியாதை.

தீ ஹாலைத் தாண்டவில்லை. வாசல் கதவைத் திறக்காததால் அதற்குக் காற்று போதவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்ததால் தம்பிக்கு மூச்சு மிஞ்சியது. இதை நரைத்த மீசை வைத்த நிலைய அதிகாரி நிதானமாகச் சொன்னார். பிறகு உருகி ஒட்டிப்போன ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வெளியே கொண்டுவந்து படியில் வைத்தார்.

"ஹீட்டர், கெட்டில், சார்ஜர். மூணும் இந்த ஒரே பாக்ஸ்ல. பாக்ஸ் சோபாவுக்கு அடியில." தம்பியைப் பார்க்காமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தே பேசினார். "ஹீட்டரை எதுக்குப் போட்டீங்க?"

"யூனிஃபார்ம் நனைஞ்சிடுச்சு சார். நாற்காலியில போட்டுக் காய வெச்சேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம்னு உள்ள போனேன்."

"புகை அலாரம் ஏன் அடிக்கல?"

தம்பி தலை குனிந்துகொண்டான். "பேட்டரியைக் கழட்டி வெச்சிருக்கேன். சமைக்கும்போதெல்லாம் கத்துச்சு. டீச்சரும் பாப்பாவும் வந்தா பாப்பா தூக்கம் கெடுமேன்னு..."

குழாய் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் வீரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "சார் வகுப்புல இதுதான் சார் முதல் பாடம்" என்று சொல்லிவிட்டார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் தம்பிதான் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

காலையிலிருந்து பஞ்சக்கா காத்துக்கொண்டிருந்த தருணம் இது. இன்ஸ்பெக்டர் சாரை அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கலாம். அவளுக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அவள் திறந்துகிடந்த வாசல் வழியாக ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரோரம் கறுத்த சுருள் கம்பிகள் நின்றன. தம்பியின் கல்யாணத்துக்கு அவள் தன் கையால் தைத்துக் கொடுத்த சோபா. நல்ல கனமான ஃபோமாகப் பார்த்து வைத்திருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று டீச்சர் சொல்வாள். அதிலிருந்து வந்த புகையைத்தான் இவன் தரையில் படுத்துக்கொண்டு குடித்திருக்கிறான்.

ஒரே ஒரு சோபா.

பட்டறையில் கூரை வரைக்கும் ஏறியிருந்த கட்டுகள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவற்றுக்கு இந்தப் பக்கம் மெஷின்களில் குனிந்திருக்கும் பெண்கள். அந்தப் பக்கம் திறக்க முடியாத கதவு. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி குடிக்கறியாம்மா?" என்றார் கணவர்.

அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

*

டாக்டர் தம்பியின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, மூச்சுக் குழாய்க்கு மருந்து கொடுத்து, சாயங்காலம் மறுபடி வரச் சொல்லி அனுப்பினார். வேன் நேராகப் பட்டறைக்கு வந்தது. விஷயம் காற்றில் பரவி, வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் வந்து கூடியிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டு அவனை உட்காரச் சொன்னார்கள். பஞ்சக்கா டீயும் ரொட்டியும் கொண்டுவந்தாள். இந்தத் தடவை வாங்கிக் குடித்தான்.

குடித்துவிட்டு எழுந்து பின்கதவுக்குப் போனான். தாழ்ப்பாளை ஒரு விரலால் நகர்த்தினான். கதவு திறந்துகொண்டது. அவன் அங்கேயே நின்றான். அக்காவும் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"போன மாசம் தீப்புடிச்ச ஒரு பை தைக்கிற பட்டறைக்குப் போனோம்க்கா" என்றான் வெளியே பார்த்துக்கொண்டு. "பின்கதவை வெளிப்பக்கம் பூட்டி வெச்சிருந்தாங்க, சரக்கு திருடு போகுதுன்னு. மத்தவங்க எல்லாரும் முன்னாடி வழியா வந்துட்டாங்க. ஒரு அம்மா மட்டும் பின்னாடி ஓடியிருக்காங்க. நான்தான் தூக்கிட்டு வந்தேன். உசிரு இல்ல. கழுத்துல அளவு டேப்பு போட்டிருந்தாங்க. உன்ன மாதிரி."

அவள் தன் கழுத்தில் தொங்கிய டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் ராத்திரி வீட்டுல படுத்தா தூக்கம் வரல. கேட்டுக் கேட்டு ராத்திரி டியூட்டி வாங்கினேன். பகல்ல அசதியில விழுந்து கிடக்கறேன். இங்க வந்து பார்த்தேன். ஃபோமு, பசை, அதுக்கு நடுவுல நீ. தண்ணி வாங்கிக் குடிச்சிருந்தா அழுதிருப்பேன்க்கா. அதான் ஓடிட்டேன்."

"என்கிட்ட சொல்லக் கூடாதாடா?"

"சொல்லத் தெரியல."

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு, காலையில் தான் முடியைப் பிடித்து இழுத்த இடம் சிவந்திருப்பதைப் பார்த்து, தடவிக் கொடுத்தாள்.

"உன் பட்டறையை இனிமே நான் பார்க்க மாட்டேன்" என்றான். "மீசைக்காரர் வருவாரு. நான் சொல்லிட்டேன். என்னைவிடக் கறாரான ஆளு. தைச்சு முடிச்ச நாற்காலி அத்தனையையும் வழியை விட்டுத் தள்ளி அடுக்கச் சொல்லுவாரு."

"சொல்லட்டும். அடுக்கறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "உன் வீட்டை யாருடா பார்ப்பாங்க?"

"நீ பாரு" என்றான். "எதை வேணும்னாலும் குறை சொல்லு. கேட்டுக்கறேன்."

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. டீச்சர். கையில் குழந்தை, தோளில் பை. கணவன் போன் எடுக்கவில்லை என்று நாத்தனாருக்குப் போன் பண்ணி, விஷயம் தெரிந்து, கட்டியிருந்த புடவையோடு கிளம்பி வந்திருந்தாள்.

குழந்தையை நாத்தனார் கையில் கொடுத்தாள். கணவனின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, எங்கேயாவது சிவப்பு இருக்கிறதா என்று. இல்லை என்று தெரிந்ததும் அவன் தோளில் பலமாக ஒரு அடி வைத்தாள்.

"ரூம் ஹீட்டர் வாங்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"சொன்னேனா இல்லையா!"

"சொன்னேம்மா, சொன்னே."

பெண்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த மெஷின்களைத் துடைத்தார்கள். பஞ்சக்காவின் கணவர் வேனில் ஏதோ பார்க்க வேண்டியிருப்பதாகச் சொல்லி வெளியே போனார்.

பஞ்சக்கா குழந்தையோடு துணி வைக்கும் சின்ன அறைக்குள் போனாள். குழந்தை அவள் கழுத்திலிருந்த டேப்பை வாயில் வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் டீச்சர் பின்னாலேயே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நம்ம வீட்டுலயே இருங்கம்மா. ஹால் சரியாகிற வரைக்கும் எங்கயும் போக வேணாம். மாடி ரூமை இன்னைக்கே..."

"அது இல்ல அண்ணி." டீச்சர் ஒரு துணிச் சுருளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "குழந்தை பிறந்து இத்தனை மாசம் ஆகியும் நான் ஏன் திரும்பி வரலன்னு நீங்க கேக்கவே இல்ல. உடம்பு சரியில்லன்னு அவர்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தார். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

பஞ்சக்கா குழந்தையைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"அவர் தினம் வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நான் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்த வேலையை விட்டுட்டு வேற ஏதாவது பாருங்க, அப்பதான் வருவேன்னு சொன்னேன். முடியாதுன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. இன்னைக்கு வீட்டுலயே இப்படி ஆயிடுச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவர் யார் சொன்னாலும் கேக்க மாட்டார். நீங்க சொன்னா கேப்பார். இந்த வேலையை விடச் சொல்லுங்க அண்ணி. இன்னைக்கே சொல்லுங்க."

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தம்பி தெரிந்தான். பெண்களை மறுபடி சுற்றி நிற்கவைத்திருந்தான். இருமிக்கொண்டே, ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, புறங்கையைக் கதவில் எப்படி வைப்பதென்று காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் சரியாக வைத்தாள். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அந்த முகத்தைப் பஞ்சக்கா வெகுநாளாகப் பார்க்கவில்லை.

அவள் டீச்சரைப் பார்த்தாள். இந்தப் பெண் கேட்பதில் என்ன தப்பு இருக்கிறது? பின்கதவுக்கு அந்தப் பக்கம் அவன் பதில் சொல்லாமல் கிடந்த அந்த நேரம் இன்னும் அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

"அண்ணி?"

பஞ்சக்கா குழந்தையை டீச்சரிடம் கொடுத்தாள். கதவைத் திறந்தாள்.

"டேய், தம்பி. இங்க வா."

அவன் திரும்பிப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மெஷின்களுக்கு நடுவே மெல்ல நடந்து வர ஆரம்பித்தான்.

என்ன சொல்லப்போகிறோம் என்று அவன் அக்காவுக்கே இன்னும் தெரியவில்லை.